உயிரோடு இருந்தவருக்கு ஒரு படையல்

நாட்டின் மிக உயர்ந்த விருதைப் பெற்ற ஒரு மனிதரை நான் ஒன்றரை வருடம் இறந்தவராக வைத்திருந்தேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் நோக்கம் முழுக்க முழுக்க மரியாதைதான். ஆனாலும் அவர் படத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்தது என் விரல். 'மறைவு' என்று எழுதிப் பக்கத்தில் தேதியும் போட்டது என் பேனா. தப்பிக்க வழியில்லை.

அவர் பெயரைச் சொல்லமாட்டேன். என்ன துறையில் பெரியவர் என்பதையும் சொல்லமாட்டேன். பாரத ரத்னா வாங்கியவர்களின் பட்டியல் அவ்வளவு சின்னது. ஒரு துப்புக் கொடுத்தால் போதும், நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். அந்தப் பட்டியலை நான் மனப்பாடமாக வைத்திருந்ததுதான் எல்லா வினைக்கும் ஆரம்பம்.

எங்கள் ஊர் செம்மநத்தம். ஏற்காட்டிலிருந்து ஒரு குறுகலான ரோடு, எதிரில் ஜீப் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போயே ஆக வேண்டிய ரோடு, எங்கள் ஊருக்கு வரும். அப்பாவும் அம்மாவும் காப்பி எஸ்டேட்டில் வேலை. எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். சேலத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு மலையேறி வந்தபோது, அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று அறிவித்தேன். (வேலை கிடைக்கவில்லை என்பதை எங்கள் பக்கம் இப்படித்தான் சொல்வது.)

தேர்வில் பொது அறிவுக் கேள்வி வரும். பாரத ரத்னாவில் ஒரு கேள்வி வந்தாலும் வரும். மற்றவர்கள் ஐந்தாறு பெயரோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் ஐம்பது சொச்சம் பெயரையும் ஆண்டு வரிசையில் படித்தேன். பிறகு தலைகீழ் வரிசையில். வீட்டுக்கு யாராவது வந்தால் அப்பா பெருமையாக என்னைத் திருகிவிடுவார்: "சாமி, அந்த டெல்லிக்காரங்க பேரெல்லாம் சொல்லு." நான் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பிப்பேன். வந்தவர்கள் காப்பியைக்கூட முடிக்காமல் கிளம்பியதுண்டு.

படிக்கப் படிக்க, அது தேர்வுக் கேள்வி என்பது எனக்கு மறந்துபோயிற்று. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு முழு ஆயுள் இருந்தது. தெருவிளக்கில் படித்தவர் இருந்தார், சிறையில் வருடக்கணக்கில் கிடந்தவர் இருந்தார். எங்கள் வீட்டில் யார் பெயரும் எஸ்டேட் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் எழுதப்பட்டதில்லை. இவர்கள் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும்.

அம்மாவுக்கு மட்டும் சில சந்தேகங்கள்.

"பதக்கம் பவுனா கண்ணு?"

"வெண்கலம்மா. அரச இலை மாதிரி இருக்கும். நடுவுல சூரியன்."

"காசு எவ்வளவு?"

"காசு கெடையாது."

"அப்ப பேருக்கு முன்னாடியாச்சும் போட்டுக்கலாமா?"

"கூடாது. சட்டம் இருக்குது."

அம்மா இரண்டு விரலை மடக்கினார். "காசுமில்ல, பேருக்கு முன்னாடியும் போடக்கூடாது. அப்பறம் எதுக்கு கண்ணு அத இம்புட்டுப் பெருசுங்கறாங்க?"

"நொம்பப் பெருசும்மா" என்று மட்டும் சொன்னேன்.

எஸ்டேட்டில் காப்பிப் பழத்தின் தோல் நீக்கும் பழைய ஷெட் ஒன்று சும்மா கிடந்தது. மேனேஜரைக் கெஞ்சி வாங்கி, ஊர்ப் பிள்ளைகள் படிக்க ஒரு படிப்பகம் ஆரம்பித்தேன். புத்தகம் இருபதோ முப்பதோதான். சுவர் முழுக்கப் படங்கள். அத்தனை பாரத ரத்னாக்களையும் சேலத்தில் பிரிண்ட் போட்டு வந்தேன். அப்பா, காப்பிச் செடிக்கு நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்துண்டுகளை இழைத்துச் சட்டம் போட்டுக் கொடுத்தார். இழைக்கும்போது மரச்சீவல் சுருள் சுருளாக விழுந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை. (என் வாழ்க்கையில் பெரும்பாலான கஷ்டங்கள் இப்படித்தான் ஆரம்பித்திருக்கின்றன.) அந்தச் சுருள்களை நூலில் கோத்தால் அசல் சந்தன மாலை. வாசனைதான் வராது. காலமானவர்கள் எல்லோருக்கும் ஒரு மாலை, ஒரு பொட்டு. உயிரோடு இருப்பவர்களுக்கு வெறும் சட்டம். பிள்ளைகள் பார்த்தவுடன் யார் இருக்கிறார், யார் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம் அல்லவா? தேர்வில் அதையும் கேட்பார்கள்.

ஊரில் செல்போன் சிக்னல் கிடையாது. ஊருக்கு மேலே ஒரு மொட்டைப் பாறை. அதன் உச்சியில், வடக்குப் பார்த்து நின்றால் இரண்டு கோடு வரும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏறி, ஒரு வாரத்து நடப்புச் செய்திகளை வாங்கிக்கொண்டு இறங்குவேன். அப்படி ஒரு ஞாயிறு, எங்கள் தேர்வு வாட்ஸப் குழுவில் அந்தச் செய்தி: பெரியவர் காலமானார், ஆழ்ந்த இரங்கல், கூடவே மெழுகுவத்திப் படம்.

நான் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஓட்டமாக இறங்கினேன். அடுத்த அரை மணி நேரத்தில் அதே குழுவில் "தவறான செய்தி, மன்னிக்கவும்" என்று வந்ததாம். அப்போது நான் படிப்பகத்தில் ஆணி தேடிக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிறு பாறை ஏறியபோது அந்த மன்னிப்பு நானூறு 'காலை வணக்க'ங்களுக்கு அடியில் புதைந்து கிடந்தது.

படிப்பகம் திறந்த பிறகு எங்கள் சுவரில் நடந்த முதல் மரணம் அது. சும்மா விட முடியுமா? மாலை போட்டேன். பொட்டு வைத்தேன். சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு மாட்டினேன். இரண்டு நிமிட மௌனம். பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்கா, சொந்தக் காட்டில் சாமையும் மொச்சையும் போடுபவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "யாரு எவருன்னே தெரியாது. ஆனா நாட்டுக்கே பெரியவருங்கற. வெறும் வயித்தோட அனுப்பலாமா?" சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, மலைவாழைப் பழம் என்று படத்துக்கு முன் படையல் போட்டார். காக்கைக்கு வைத்தோம். வைத்த உடனே காக்கை வந்து எடுத்தது. அதற்கு மேல் எங்கள் ஊரில் யாருக்கும் எந்த ஆதாரமும் தேவைப்படவில்லை.

ஒன்றரை வருடம் போயிற்று. ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"தம்பி, மிளகுப் பறிப்பு ஆரம்பிக்கறதுக்குள்ள ஷெட்ட காலி பண்ணிக் குடுத்துரு. மிளகு மூட்டை அடுக்கணும்."

பிள்ளைகள் சாயங்காலம் உட்கார வேறு இடம் இல்லை. நான் நின்ற நிலையைப் பார்த்து அவருக்கே என்னவோ போல ஆகியிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு செய்யி. பங்களாவுக்கு ஒரு விருந்தாளி ஓய்வுக்கு வர்றாரு. டெல்லியில எல்லாத்துக்கும் மேல இருக்குதே, அந்த விருது வாங்கினவரு. பேரு வெளிய வரக்கூடாதுன்னு உத்தரவு. நம்ம எஸ்டேட்டுல படிப்பகம் இருக்குதுன்னதும் பாக்கணும்னுட்டாரு. அவரு பாத்துட்டு நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லட்டும், மொதலாளிகிட்ட நான் பேசிப் பாக்கறேன். அசிங்கம் கிசிங்கம் பண்ணீன்னா அன்னிக்கே மூட்டை உள்ள வந்துரும்."

பட்டியலில் உள்ள ஒருவர். செம்மநத்தத்துக்கு. என் சுவரைப் பார்க்க. வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று எனக்கு நினைவில்லை.

பெயர் தெரியாவிட்டால் என்ன, கழித்தல் கணக்குத் தெரியாதா? உயிரோடு இருப்பவர்களை எண்ண ஒரு கை விரல்களே போதும். மலையேற முடியாத வயதுக்காரரைக் கழித்தேன், வெளிநாட்டில் இருப்பவரைக் கழித்தேன். கடைசியில் ஒருவர் நின்றார். அவர்தான் என்று முடிவு கட்டி, அவர் படத்தை நடுச்சுவருக்கு மாற்றி, அவர் வாழ்க்கையைப் புகழ்ந்து மூன்று பக்கம் வரவேற்புரை எழுதினேன். இறந்துபோன நம் பெரியவரைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. காக்கை எடுத்துவிட்டதே!

என் மாமா மகன் சீரங்கன், வாழவந்திக்கும் ஏற்காட்டுக்கும் காய்கறி வண்டி ஓட்டுபவன், அட்டையில் வரவேற்பு எழுதிக் கொண்டுவந்தான்: 'பாரத ரத்னா ஐயா அவர்களே வருக'.

"அப்படிப் பேருக்கு முன்னாடி போடக்கூடாதுடா."

"சரி, 'ரத்னா'ன்னு மட்டும்?"

"அதுவும் கூடாது."

"பேரும் வெளிய வரக்கூடாதுங்கற, பட்டமும் போடக்கூடாதுங்கற. அப்பறம் என்னத்தடா எழுதறது?"

கடைசியில் அட்டையில் மிஞ்சியது: 'ஐயா வருக'. எம்.எல்.ஏ.வுக்கும் அதே அட்டை, மாட்டு டாக்டருக்கும் அதே அட்டை என்று சீரங்கன் மடித்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தயாராக இருந்தான்.

அன்று காலை நல்ல பனிமூட்டம். படிப்பக வாசலில் பத்தடி தள்ளி இருப்பது தெரியவில்லை. கார் வரும் சத்தம் முதலில் வந்தது, விளக்கு பிறகு வந்தது, கார் கடைசியில் வந்தது. மேனேஜர் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். கம்பளிக் குல்லாய், கைத்தடி, மெல்லிய உருவம். பனியை விலக்கிக்கொண்டு என்னை நோக்கி இரண்டு எட்டு வைத்தார்.

நான் மாலை போட்டு, பொட்டு வைத்து, விளக்கேற்றிய முகம்.

கை தானாகக் குவிந்தது. அது வணக்கமா அஞ்சலியா என்று எனக்கே விளங்கவில்லை. பேய் என்று ஒரு கணம் நினைத்தேன் என்றால் நம்புங்கள், பனியும் அப்படி. பிறகு அவர் "வணக்கம் தம்பி" என்று சிரித்தார். கையைப் பிடித்துக்கொண்டார். கை சூடாக இருந்தது. அந்தச் சூட்டில்தான் எனக்கு இரண்டு விஷயங்கள் ஒன்றாக உறைத்தன. ஒன்று, பட்டியலில் இருக்கும் கை என் கையைப் பிடித்திருக்கிறது. இரண்டு, உள்ளே சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருக்கிறது.

மூன்று பக்க வரவேற்புரையைச் சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினேன். அது வேறொருவரைப் பற்றியது.

"ஐயா, மொதல்ல தோட்டம் பாத்துரலாமுங்க" என்றேன்.

"தோட்டமா? பனியில ஒண்ணும் தெரியலையே."

"ஆரஞ்சு மரமுங்க. அதா, அங்க."

"அது கரண்டு கம்பம் தம்பி" என்றார் மேனேஜர், பல்லைக் கடித்துக்கொண்டு.

அம்மா காப்பியோடு வந்தார். விருந்தாளியின் முகத்தைப் பார்த்தார். "ஏங்கண்ணு, இவரு…" என்று ஆரம்பித்தவரின் காலை மிதித்தேன். அவர் விடவில்லை, என் காதருகே வந்து, "நாம அழுதமே, அவராட்டவே இருக்கறாரு" என்றார். "அவரேதாம்மா" என்றேன். "ஐயோ! அப்ப மாலை?" "உள்ளதான் இருக்குது."

அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்தார். எழுத்துத் தெரியாவிட்டாலும் நிலைமையைப் படிப்பதில் அவர் கெட்டி. சத்தமில்லாமல் படிப்பகத்துக்குள் நழுவினார். படத்தை அப்பா கழற்றிவிடுவார், நாலு நிமிடம் சமாளித்தால் போதும் என்று நான் காப்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அரபிகா, ரொபஸ்டா, பூக்கும் காலம், காய்க்கும் காலம். பெரியவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "காப்பி நல்லா இருக்கு. உள்ள போவோமா?" என்று நடந்தேவிட்டார்.

உள்ளே நான் கண்ட காட்சி: அப்பா பெஞ்சு மேல் நிற்கிறார். மலைக்காற்றுக்கு விழக்கூடாது என்று நான்கு மூலையிலும் தானே ஆணி அடித்த சட்டம், அசையவில்லை. மாலை மட்டும் கையோடு வந்திருக்கிறது. பெரியவர் வாசலில். அப்பா மெதுவாகப் பெஞ்சிலிருந்து இறங்கினார். கையில் மாலை. எதிரில் நாட்டுக்கே பெரிய விருந்தாளி. அந்த நிலையில் ஒரு மனிதன் என்ன செய்வான்?

அப்பா அந்த மாலையை அவர் கழுத்தில் போட்டு, "வாங்க சாமி" என்று கும்பிட்டுவிட்டார்.

பெரியவர் குனிந்து மரச்சுருள் மாலையைப் பார்த்தார். நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். அங்கே பொட்டு வைத்த அவர் முகம், கீழே சிவப்பு பல்பு. மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, என் கையெழுத்தில் இருந்த தோற்றம், மறைவு இரண்டையும் நிதானமாகப் படித்தார். மேனேஜரின் முகம் காப்பிப் பழம்போல் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. மிளகு மூட்டைகள் என் மண்டைக்குள் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்தன.

"இந்தத் தேதி…" என்றார் பெரியவர். "அன்னிக்கு எனக்குக் கடவாய்ப்பல் பிடுங்கினாங்க." கன்னத்தைத் தடவிக்கொண்டார். "நீங்க எழுதினது பெரிய தப்புன்னு சொல்ல முடியாது. அப்படித்தான் இருந்துச்சு."

நான் அழுதுவிடும் நிலையில் பாறை, சிக்னல், வாட்ஸப் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். போதாக்குறைக்குச் செல்லம்மா அக்கா, எங்கள் பின்னாலேயே உள்ளே வந்திருந்த ஊர்க் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார்.

"பையன் மேல தப்பில்லீங்க. படையல் போட்டமுங்க. காக்கா ஒடனே வந்து எடுத்துச்சுங்க! அதான் நாங்க யாரும் சந்தேகப்படலீங்க."

"எனக்குப் படையலா?" என்றார் பெரியவர். "என்ன போட்டீங்க?"

"சாமைச் சோறும் மொச்சைக் கொழம்புமுங்க."

"எனக்கு வந்து சேரலையேம்மா. யாரோ நடுவுல சாப்பிட்டுட்டாங்க."

அவ்வளவுதான். ஷெட்டே குலுங்கிச் சிரித்தது. மேனேஜர் மட்டும் அனுமதிக்குக் காத்திருந்து, பெரியவர் சிரித்ததும் சிரித்தார். செல்லம்மா அக்கா அன்று காட்டு வேலைக்காரர்களுக்காக ஆக்கி வைத்திருந்த சாமைச் சோற்றைக் கொண்டுவந்தார். தன் படத்துக்குக் கீழேயே, பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து, பாரத ரத்னா ஒருவர் தன் படையலைத் தானே சாப்பிட்டார். மொச்சையை மறுபடி கேட்டு வாங்கினார். மாலையைக் கழற்றவில்லை.

சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "ஏனுங்க சாமி, அந்தப் பதக்கம் கழுத்துல கனக்குமுங்களா?"

பெரியவர் தலையாட்டினார். "கொடுத்த அன்னிக்குக் கனத்துச்சு. எனக்கு முன்னாடி வாங்கினவங்க பேரெல்லாம் அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு." மாலையின் சுருள் ஒன்றை விரலால் தொட்டார். "இது யார் இழைச்சது?"

"நானுங்க."

"சொன்னாத்தான் தெரியுது சந்தனம் இல்லன்னு."

எப்போதும் கொஞ்சம் வளைந்தே இருக்கும் அப்பாவின் முதுகு அன்று நிமிர்ந்ததை நான் பார்த்தேன். காசுமில்லாத, பேருக்கு முன்னால் போடவும் முடியாத அந்த விருது எதற்குப் பெரிது என்று அம்மா கேட்டதற்கு, எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் பதில் கிடைத்தது. அம்மாவுக்கும் கிடைத்திருக்க வேண்டும். அவர் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

கிளம்பும்போது பெரியவர் மேனேஜரிடம் திரும்பினார்.

"பென்ஷனுக்காக வருஷா வருஷம் நான் உயிரோட இருக்கேன்னு எழுதிக் கொடுக்கறேன். இனிமே இந்தப் படிப்பகத்துக்கும் ஒரு கடிதாசி போட்டுடறேன். இவங்களுக்குத்தான் அது ரொம்ப அவசியம். விலாசம் மாறாதில்ல?"

மேனேஜர் ஷெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாலையோடு நிற்கும் மனிதரைப் பார்த்தார்.

"மாறாதுங்க சார்" என்றார்.

மிளகு மூட்டைகள் அந்த வருடம் டிராக்டர் கொட்டகைக்குப் போயின. இன்றும் அங்கேதான் போகின்றன. சுவரில் பெரியவர் படத்துக்கு இப்போது மாலை இல்லை. அதை அவர் கையோடு கொண்டுபோய்விட்டார். 'மறைவு' என்ற இடத்தை நான் அழித்த அழிப்பில் காகிதமே தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. வருடத்துக்கு ஒரு முறை, பல் பிடுங்கிய அந்தத் தேதியை ஒட்டி, ஒரு அஞ்சலட்டை வருகிறது. இரண்டே வரி: 'நலம். காக்கையை விசாரித்ததாகச் சொல்லவும்.' செல்லம்மா அக்கா அன்று சாமைச் சோறு ஆக்குவார். முதல் உருண்டை காக்கைக்கு. அது இப்போதும் வைத்த உடனே வந்து எடுக்கிறது. இப்போது நாங்கள் அதை நம்புவதில்லை.

நான் தேர்வில் வென்றேன். (பாரத ரத்னாவில் ஒரு கேள்விகூட வரவில்லை.) அடிவாரம் தாண்டிச் சேலத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று நேரில் பார்த்துச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் பிரிவில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள்.

இந்தச் செய்தியோடு முதல் நாள் வீட்டுக்கு வந்தபோது அப்பா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அம்மா அவர் தலையைத் தட்டிக்கொண்டே, நிஜமான கவலையோடு என்னைப் பார்த்துக் கேட்டதைத்தான் இன்றுவரை எந்த விசேஷத்திலும் யாராவது ஒருவர் எடுத்துவிடாமல் இருப்பதில்லை:

"ஏங்கண்ணு, உன்ற சங்கதி கவருமெண்டுக்குத் தெரியாதா?"